பன்னிரண்டாவது சத்தம்

ஒன்றுமில்லாததற்காக ஒரு படப்பிடிப்பை நிறுத்தியவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. போன மாதம் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், கணினியிலேயே வெடியும் புகையும் செய்கிற ஓர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நிஜமான வெடியில் முதலில் கண்ணுக்குத் தெரிவது நெருப்பா, தூசியா, மரச்சில்லா என்று அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம். விளக்கிச் சொன்னேன். ஏ.சி. என் கழுத்துக்கு நேராக ஊதிக்கொண்டிருந்தது. மூன்று முறை சொல்லியும் யாரும் குறைக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் அங்கே வேலை செய்யும் பவித்ரா என்ற பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"சார், 'ரத்த லாடம்' படத்துல ஒண்ணுமே இல்லாததுக்கு ஷூட்டிங்க நிறுத்தினது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"நிஜமாவே ஒண்ணும் இல்ல."

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. அவள் முகம் சப்பென்று ஆனது. ஹெப்பகோடிக்குத் திரும்பும் பேருந்தில் யோசித்தேன். ஊரில் உலவுகிற பேச்சு பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதியைச் சொல்ல இப்போது என்னைத் தவிர அதிகம் பேர் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயல்காரன். பி.யூ.சி. படித்துவிட்டுச் சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலைக்குப் போய், அதற்கான சான்றிதழும் வாங்கினேன். பயிற்சிக் காலம் என்றால் இருட்டு, வெக்கை, வசவு. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டு ஒதுங்கி நின்று சத்தத்தை எண்ணுவோம். எத்தனை துளையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் பாறைக்குள் ஒன்று இன்னும் வெடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. அதன் பிறகு எண்ணினவன்தான் முதலில் போக வேண்டும். மேலதிகாரியும் இல்லை, கூலியாளும் இல்லை, எண்ணினவன்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை. மாடிப்படி, மாத்திரை, பேருந்தில் நிற்பவர்கள், சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காய்த் துண்டு என எதைப் பார்த்தாலும் மனசு எண்ண ஆரம்பித்துவிடும். என் மனைவி இதற்காகத் திட்டாத நாள் இல்லை.

சுரங்கத்தை மூடினார்கள். ஹெப்பகோடிக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக நின்றேன். வாசலில் போகிற லாரிகளை எண்ணினேன். அங்கே ஒருவர் மூலமாக பிரான்சிஸ் மாஸ்டரைத் தெரிந்துகொண்டேன். அவர் சினிமாவுக்கு வெடி வைப்பவர். சிவாஜிநகரில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. ஒல்லியான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை. தயாரிப்பாளரானாலும் டீக்கடைக்காரரானாலும் அவருக்கு எல்லாரும் 'மேன்'தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டியிருக்கும்.

என் சான்றிதழை அவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"ஒண்ணு கொறஞ்சா இன்னா பண்ணுவ மேன்?"

"வெயிட் பண்ணுவேன்."

"எவ்ளோ நேரம்?"

"அரை மணி."

"புரொடியூசர் கத்துவானே."

"கத்தட்டும்."

"நாளைக்கு வா."

துப்பாக்கிக் குண்டு சுவரில் பட்டதுபோல் காட்ட, சுவருக்குள் சிறிய வெடிகளைப் பதித்து மேலே வண்ணம் பூசி மறைப்போம். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இரட்டைக் கம்பி எங்கள் பலகைக்கு வரும். பலகையில் வரிசையாக ஆணிகள். ஓர் ஆணிக்கு ஒரு வெடி. பாட்டரியிலிருந்து வருகிற கம்பியை ஆணிகளின்மேல் இழுத்துக்கொண்டே போனால் பட் பட் பட் என்று சுவர் சிதறும். கம்பியை இழுப்பது மாஸ்டர். எண்ணுவது நான்.

இதில் அவர் வைத்திருந்த ஒரு விதி சுரங்கத்தில்கூட இல்லாதது. வெடிக்கவைப்பவன் எண்ணக்கூடாது. "கை பன்னெண்டு ஆணிய தொட்டுச்சுன்னா, காது பன்னெண்டு கேட்டேன்னு சாட்சி சொல்லும் மேன். காது கைக்குச் சொந்தக்காரன்" என்பார். அதனால் நான் பலகைக்கு முதுகைக் காட்டி நிற்பேன். வெடித்து முடிந்ததும் அவர் பாட்டரிக் கம்பியைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எண்ணிக்கையைச் சொல்வேன். எண்ணிக்கை சரி என்று நான் சொல்லும்வரை எந்த நடிகரும் சுவர்ப் பக்கம் போகக்கூடாது. மாஸ்டரே போகக்கூடாது.

இப்படிப் பல வருடங்கள் ஓடின. இரண்டு முறை ஒன்று குறைந்தது. இரண்டு முறையும் காத்திருந்து உள்ளே போனேன். இரண்டு முறையும் வெடிக்காத ஒன்று இருந்தது, எடுத்துவந்தேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச அதில் என்ன இருக்கிறது?

இனி அந்தப் படம். எடுத்தவர் கிரண் என்ற இளைஞர். எலெக்ட்ரானிக் சிட்டியில் நல்ல வேலையை விட்டுவிட்டு, கௌபாய்ப் பேய்ப்படம் ஒன்றை எடுத்தே தீருவது என்று இறங்கியவர். அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்க ஊர். மண்ணுக்குள் செத்தவர்கள் எழுந்துவந்து ஊர்க்காரர்களைப் பழிவாங்குகிறார்கள். அமெரிக்காவுக்குப் போக வழியில்லை. ஆகவே தங்கவயலுக்கு வந்தார். பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டின சாம்பல் நிற மண், எங்கள் ஊரில் மலை மலையாக நிற்கிறது. சயனைடு மேடு என்போம். புல்கூடச் சரியாக முளைக்காது. அதன் அடிவாரத்தில் பிளைவுட்டில் ஒரு மதுக்கடை முகப்பு, ஒரு தூக்குமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. கேமரா வழியாகப் பார்த்தால் அமெரிக்காதான். திரும்பிப் பார்த்தால் என் அத்தை வீட்டுத் தெரு.

குதிரை கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற வெள்ளைக் குதிரை. பழுப்பாகத் தெரிய டீ டிகாஷன் பூசியிருந்தார்கள். பாண்டு வாத்தியம் கேட்காமல் அது ஓர் அடி எடுத்துவைக்காது. ஷெரிப், அதாவது கதையில் அந்த ஊர்ப் போலீஸ்காரர், அதன்மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். குதிரைக்காரர் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று கல்யாணப் பாட்டை விசிலடிப்பார். அந்த மேட்டுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று நான் எல்லாரையும் மூக்கில் கைக்குட்டை கட்டவைத்தேன். கௌபாய்களுக்கு அது பொருத்தமாகவே இருந்தது என்று கிரண் சந்தோஷப்பட்டார். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயம்தான்.

ஏனென்றால் முதல் நாளே நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். கடைசிக் காட்சியில் ஷெரிப் ஒரே கைத்துப்பாக்கியால் நிறுத்தாமல் பன்னிரண்டு முறை சுடுகிறார்.

"அந்தத் துப்பாக்கியில ஆறு குண்டுதான் சார் புடிக்கும்" என்றேன்.

"பேய்ப்படம் மாணிக்கண்ணா! எவன் உக்காந்து எண்ணப் போறான்?"

"நான் எண்ணுவேன்."

"நீங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து எண்ணுங்க குரு, சந்தோஷம்!" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பையன்தான். தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது.

அந்தக் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பேயாக நடித்தது ஷீலா. அல்சூர்ப் பெண், ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். படம் முழுக்க ரப்பர் முகமூடி போட்டுக்கொண்டுதான் நடித்தாள். முகமூடிக்குள் வியர்வை கொட்டும். கழற்றினால் கன்னமெல்லாம் சிவந்திருக்கும். ஒருநாள்கூட முணுமுணுத்ததில்லை. காரணம், கடைசிக் காட்சியில் முகமூடி விழும். ஷெரிப் சுடச்சுட மதுக்கடையின் முகப்பு சிதற வேண்டும். தூசி அடங்குவதற்குள், எதிரே இன்னொரு மேட்டுக்குப் பின்னால் இறங்குகிற சூரியனின் வெளிச்சத்தில், அவள் கடையின் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். வாசற்படியில் திரும்புவாள். முகமூடி கழன்று விழும். செத்தவளுக்கு அவளுடைய சொந்த முகம் திரும்பக் கிடைக்கும். படத்தில் அவள் முகம் தெரிகிற ஒரே இடம் அதுதான். தெருவில் இருக்கும் அத்தனை வீட்டிலும் சொல்லிவைத்திருந்தாள்.

வெடித்த கையோடு அவள் நடக்க வேண்டும். நடுவில் வெட்டு கிடையாது. கதவு நிலையின் இரு பக்கத்திலும் அவள் முகத்தின் உயரத்துக்கே வெடிகள் இருந்தன. உரசிக்கொண்டுதான் அவள் உள்ளே போக முடியும்.

அன்று கடைசி நாள். கேமராவையும் குதிரையையும் மறுநாள் காலை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு முகப்பு செய்யப் பலகையும் இல்லை. கைப்பேசி அலை வெடியைத் தூண்டிவிடக்கூடாது என்று எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு பால் கேனில் போட்டேன். முதுகைக் காட்டி நின்றேன். கிரண் 'ஆக்‌ஷன்' என்று கத்தினார். மாஸ்டர் ஆணிகளின்மேல் கம்பியை இழுத்தார்.

நான் எண்ணினேன். மேட்டில் மோதித் திரும்புகிற எதிரொலியைத் தள்ளிவிட்டு, சத்தத்தை மட்டும் எண்ணினேன். பதினொன்று.

"ஷீலா, வாக்!" என்றார் கிரண்.

"நில்லும்மா!" என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வருமென்று எனக்கே தெரியாது. குதிரை மிரண்டு ஓர் எட்டு பின்னால் போனது. அன்றைக்கு அது விசில் இல்லாமல் நகர்ந்தது அப்போதுதான்.

மாஸ்டர் கம்பியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எத்தினி?"

"பதினொண்ணு."

"நான் பன்னெண்டு தொட்டேன் மேன்."

"நீங்க தொட்டீங்க மாஸ்டர். எனக்குக் கேட்டது பதினொண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தன் கையையும் பார்த்தார். பன்னிரண்டு என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதை நான் அவர் முகத்திலேயே பார்த்தேன்.

"எல்லாம் உக்காருங்க" என்றார், மிக மெதுவாக. "அரை மணி."

அடுத்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. கிரண் ஓடிவந்தார். "மாஸ்டர், லைட் போய்டும்! தூசி பாருங்க, அடங்குது! நான் கேட்டேன், பன்னெண்டு கேட்டேன். கேமராமேன் கேட்டாரு. டேய், எல்லாரும் சொல்லுங்கடா!"

எல்லாரும் சொன்னார்கள். பன்னிரண்டு, பன்னிரண்டு என்றார்கள். ஒருவர் பதின்மூன்று என்றார்.

"எண்ணினீங்களா, கேட்டீங்களா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார்."

கிரண் மாஸ்டரிடம் திரும்பினார். "நீங்கதானே மாஸ்டரு? நீங்களே பன்னெண்டுன்னு சொல்றீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"கம்பி அவன் பையில இருக்கு மேன்" என்றார் மாஸ்டர். ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார்.

அப்போது ஷீலா வந்தாள். முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டிருந்தாள். உள்ளே நன்றாக அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்கு மை, நெற்றியோரம் முடி படிய வாரியிருந்தாள். அந்த முகத்தைத்தான் ஊருக்குக் காட்ட இருந்தாள்.

"அண்ணே, நான் போறேண்ணே. எனக்கு பயமில்ல."

"உனக்கு பயமான்னு நான் கேக்கலம்மா."

"வெடிச்சா என் தலைதானே போவும்? நான் எழுதிக் குடுக்கறேன்."

"எழுதிக் குடுத்தா வெடி படிச்சுப் பாக்காது."

"பேடா அண்ணே, வேணாம், இப்படிப் பண்ணாதீங்க. இன்னும் கொஞ்சம் வெயில் இருக்கு. அதோ பாருங்க, மேட்டு மேல இருக்கு."

இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் முடியாது என்றேன். நான்காவது முறை கேட்காமல், கேமராவுக்கும் மதுக்கடைக்கும் நடுவே மண்ணில் உட்கார்ந்து அந்தக் கோடு மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த கௌபாய்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குதிரைக்காரர்கூட என்னைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். எனக்கு முட்டி வலித்தது. மனசுக்குள் அந்தச் சத்தங்களை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பதினொன்றில்தான் நின்றது.

நேரம் முடிந்ததும் தனியாகப் போனேன். முகப்பின் இடதுபக்கக் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். வெடித்த இடத்தில் வண்ணம் பூசிய தாள் கிழிந்து வெளியே மலர்ந்திருக்கும். உள்ளே கறுத்த வளையம். கம்பியின் இரண்டு முனையும் வெறுமையாகத் தொங்கும். இந்த மூன்றையும் பார்த்தால்தான் வெடித்ததாகக் கணக்கு. விரலால் தொட்டுத் தொட்டுப் போனேன். ஜன்னல் பக்கம் ஐந்து. எல்லாம் வெடித்தவை. கதவின் இடது நிலையில் ஒன்று. வெடித்தது. வலது நிலைக்கு முன்னால் கொஞ்சம் நின்றேன். அங்கே இல்லையென்றால் இனி எங்கே இருக்கும் என்று ஓர் எண்ணம். தாள் கிழிந்திருந்தது. வளையம் கறுத்திருந்தது. கம்பி முனைகள் தொங்கின. அதற்கப்புறம் ஐந்து. எல்லாம் வெடித்தவை. மறுபடி வலமிருந்து இடமாகப் பார்த்தேன். பன்னிரண்டு. எங்கோ இரண்டு ஒரே சமயத்தில் வெடித்திருக்கின்றன. இரண்டு சத்தம் ஒன்றாகச் சேர்ந்து காதில் விழுந்திருக்கிறது.

வெளியே வந்து கையைத் தூக்கினேன். "பன்னெண்டும் வெடிச்சிருக்கு. போலாம்."

வானத்தில் வெளிச்சம் இல்லை.

கிரண் தொப்பியைத் தரையில் அடித்தார். "ஒண்ணுமே இல்லாததுக்கு! ஒண்ணுமே இல்லாததுக்கு என் படத்தை முடிச்சிட்டான்யா இந்த ஆளு!" அந்த வார்த்தைதான் அன்றிலிருந்து ஊர் ஊராகப் போகிறது. பிறகு மாஸ்டர் முன்னால் வந்து நின்று, "இவர அனுப்புங்க மாஸ்டர். இப்பவே அனுப்புங்க" என்றார்.

மாஸ்டர் பெட்டியிலிருந்து எழுந்தார். எல்லாரும் குனிய வேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"மேன், இவன் பதினொண்ணு கேட்டான். கேட்டுட்டு, நீ கத்தறன்னு அந்தப் பொண்ண உள்ள உட்டிருந்தா, பன்னெண்டும் வெடிச்சிருந்தாலும் இன்னிக்கே இவன வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனா இவன் உடல. அதனால இவன் இருக்கான்."

கிரணுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. அன்றைக்கு எனக்குக்கூட முழுதாகப் புரியவில்லை. வெடிக்காத ஒன்று இருந்திருந்தால் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். இல்லை என்பதால் திட்டுகிறார்கள். ஆனால் நான் கேட்ட நேரத்தில் அது இருந்ததா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது பதினொன்று. அதை வைத்துத்தான் நான் முடிவெடுக்க முடியும். இன்றைக்கு மறுபடி அங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன்.

காட்சியை எப்படியோ எடுத்தார்கள். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் பிளைவுட் காட்டிக்கொடுத்துவிடும் என்று, மதுக்கடைக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தி அதன் முன்விளக்கைப் போட்டார்கள். ஷீலா நடந்தாள். வாசலில் திரும்பினாள். முகமூடி விழுந்தது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

பெங்களூருக்குத் திரும்பும் வேனில் அவள் என் பக்கம் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாள்.

"என் மூஞ்சி போச்சுண்ணே."

"மூஞ்சி இருக்குதும்மா."

"இருந்து? யார் பாத்தா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி.

படம் சில காலைக் காட்சிகள் ஓடி நின்றுபோனது. இப்போது விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் அதைப் போட்டுச் சிரிக்கிறார்களாம். கடைசியில் அந்தக் கறுப்பு முகம் வரும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லையாம். பவித்ராதான் சொன்னாள். "அது ஒண்ணுதான் சார் அந்தப் படத்துல பயமா இருக்கும்" என்றாள். அதற்கு நான் பெருமைப்பட வேண்டும் என்று நினைத்தாள் போல. அதை யாரும் திட்டமிடவில்லை. ஷீலாவுக்கு அது ஈடும் இல்லை. கணினியிலேயே வெடி வைப்பது நல்லது என்றுதான் அந்த அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே ஒன்று குறைந்தால் யாரும் வெயிலை இழக்க வேண்டாம். ஏ.சி.யை மட்டும் குறைத்தால் போதும்.

மாஸ்டர் காலமாகிவிட்டார். அவர் இருந்தவரை நான்தான் எண்ணினேன். முட்டி போன பிறகு நிறுத்திக்கொண்டேன்.

ஷீலாவை அதன் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன், இந்தத் தீபாவளிக்கு முன்னால். அல்சூரில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு மெட்ரோ ஏறினேன். அதே பெட்டியில், கதவோரம் பையோடு நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது. வெடுக்கென்று முகத்தைக் கதவுக்கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது.

எம்.ஜி. ரோடு தாண்டியதும் ரயில் தரைக்கடியில் இறங்கியது. வெளியே இருட்டானதும் கதவுக்கண்ணாடியில் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கண். இரண்டு புருவம். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், கோபத்தில் இறுகிய வாய். பழக்க தோஷம், எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை.